இரவல் கை

ஆஸ்பத்திரியின் பின்பக்கம், கொதிகலன் அறையை ஒட்டியிருந்த சலவைக் கூடத்தில் அவளை எல்லோரும் நெட்டையக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். அந்தக் கூடத்துக் கதவுக்குள் குனியாமல் நுழைய முடியாத ஒரே ஆள் அவள். சேர்ந்த முதல் நாள் நிலையில் இடித்து நெற்றி புடைத்துப்போனதிலிருந்து, எந்தக் கதவைக் கண்டாலும் தலை தானாகத் தாழ்ந்துவிடும். "வானத்துக்குக் கதவு வெச்சாலும் நீ குனிஞ்சுதான் போவ" என்பார் அவள் புருஷன். அவர் பஸ் ஓட்டியவர். கண் மங்கியதும் வண்டியை விட்டு இறங்கி வீட்டில் உட்கார்ந்துவிட்டார். ரேடியோவையும் அவளையும் மாறி மாறிக் குறை சொல்லிப் பொழுதைப் போக்கினார். பிள்ளைகள் இல்லை.

பத்தொன்பது வருஷம் அவள் அங்கே வேலை பார்த்தாள். நோயாளிகளைப் பார்த்ததில்லை. அவர்கள் படுத்த விரிப்புகளைத்தான் தெரியும். எந்த வார்டில் கஷ்டம் அதிகம் என்று மூட்டைகளின் கனத்தைப் பார்த்தே சொல்லிவிடுவாள். முதல் ஐந்து வருஷம் அழுக்கு மூட்டைகளைப் பிரிக்கிற பக்கம். பிறகு உருளை மெஷினுக்கு மாற்றினார்கள்.

உருளை மெஷின் என்பது ஒரு சுவரின் நீளத்துக்குக் கொதித்துக்கொண்டு சுழலும் இரும்பு. ஈர விரிப்பை இரண்டு முனையிலும் இரண்டு பேர் பிடித்து, ஒரே மூச்சில் அதன் வாய்க்குள் கொடுக்க வேண்டும். ஒருத்தி முந்தினால் துணி கோணிக்கொண்டு போகும். ஒருத்தி பிந்தினால் சுருண்டு மெஷின் நிற்கும். ஆகவே அங்கே வேலை ஜோடி ஜோடியாகத்தான். நெட்டையக்காவின் ஜோடி, அவள் தோளுக்கும் எட்டாத ஒருத்தி. சிட்டு என்று பெயர் வைத்திருந்தார்கள். துருதுருவென்று இருப்பாள், வாய் மூடாது. ஒருத்தி தாழ்த்திப் பிடிக்க வேண்டும், ஒருத்தி எக்கிப் பிடிக்க வேண்டும். இது தேறாத ஜோடி என்றுதான் மேற்பார்வையாளர் முதலில் சொன்னார். பதினான்கு வருஷம் தேறியது.

"நீ கொஞ்சம் வளர்ந்தா என்னடி?" என்பாள் நெட்டையக்கா.

"நீ மண்டி போட்டு நின்னா என்னக்கா?" என்பாள் சிட்டு.

ஜோடியில் ஒருத்தி வராவிட்டால் இன்னொருத்திக்கும் அன்றைக்கு வேலை இல்லை. அதனால் கூடத்தில் ஒரு பழக்கம் வேர்விட்டிருந்தது. பதில் நிற்பது. ஒருத்தி பத்து நிமிஷம் பிந்தினால் மற்றவள் அவளுடைய வில்லையையும் எடுத்து மாட்டிக்கொண்டு, அவள் கையெழுத்தையும் சேர்த்துப் போட்டுவிடுவாள். வில்லை என்பது கழுத்தில் தொங்கும் நம்பர் போட்ட தகடு. சிட்டுவுக்கு 214, நெட்டையக்காவுக்கு 215. சிட்டுவின் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் நெட்டையக்கா இரண்டு கையெழுத்துப் போடுவாள். புருஷனைக் கண் டாக்டரிடம் கூட்டிப்போக வேண்டும் என்றால் சிட்டு போடுவாள். மேற்பார்வையாளருக்குத் தெரியும். விரிப்பு வெள்ளையாக, மடிப்புக் கலையாமல் வந்தால் அவருக்கு வேறெதுவும் வேண்டாம். யாரும் இதைப் பொய் என்று நினைத்ததில்லை. கூட நிற்கிறவள் இதைக்கூடச் செய்யாவிட்டால் எப்படி?

நோய் ஊரெல்லாம் பரவிய வருஷம், ஆஸ்பத்திரியில் வேலை செய்கிற எல்லோரும் தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டும் என்று உத்தரவு வந்தது. டாக்டரிலிருந்து மூட்டை தூக்குகிறவர் வரைக்கும். பயிற்சிக் கூடத்தில் முகாம் போட்டார்கள். மெஷின் நிற்கக்கூடாது என்பதால் சலவைக் கூடத்திலிருந்து ஒவ்வொரு ஜோடியாக அனுப்பினார்கள்.

சிட்டுவுக்கு ஊசி என்றால் உயிர் போய்விடும். சின்ன வயதில் ஒரு ஊசி தொடையில் முறிந்து நின்றுபோனதாம். அதைக் கிளறி எடுத்த கதையை அவள் சொல்லும்போதே உள்ளங்கை வியர்க்கும். முதல் நாள் அவர்கள் முறை வந்தபோது வயிற்றுவலி என்றாள். இரண்டாம் நாள் கழிப்பறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள். மூன்றாம் நாள் பயிற்சிக் கூடத்துக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்து அழ ஆரம்பித்தாள்.

"எறும்பு கடிச்ச மாதிரிதான்டி இருக்கும்."

"எறும்பைக் கடிக்கச் சொல்லு, கை நீட்டறேன். ஊசி வேணாம்."

"போடலைன்னா உள்ளே விடமாட்டாங்க."

"அக்கா..." என்று சிட்டு அவள் முகத்தைப் பார்த்தாள். பதினான்கு வருஷத்தில் பல நூறு தடவை பார்த்த பார்வைதான் அது. "எனக்குப் பதிலா நீ போய் நில்லேன்."

நெட்டையக்கா சிரித்துவிட்டாள். சிரித்துக்கொண்டே யோசித்தும் பார்த்தாள். உள்ளே இருந்தவர்கள் வெளியிலிருந்து வந்த ஆட்கள். தொப்பி, முகமூடி, கழுத்து வரை மூடிய கோட்டு. கண்களைத் தவிர யாருக்கும் எதுவும் தெரியாது. வில்லையைப் பார்த்து, பட்டியலில் நம்பருக்கு நேரே ஒரு கோடு போடுகிறார்கள். அவ்வளவுதான்.

"எனக்கு ரெண்டு கை இருக்குல்ல?" என்றாள். "இது உனக்கு. திரும்பி வந்து என் வில்லையை மாட்டிக்கிட்டுப் போய், இன்னொண்ணை எனக்குக் குடுத்துடறேன்."

"ரெண்டு ஊசி தாங்குமா?"

"எருமை மாதிரி இருக்கேன். ரெண்டென்ன, நாலு தாங்கும்."

214-ஐ மாட்டிக்கொண்டு உள்ளே போனாள். குனிந்துதான் போனாள். வலது கையில் போட்டார்கள். அரைமணி நேரம் உட்காரச் சொன்ன நாற்காலியில் உட்கார்ந்தாள். ஐந்து நிமிஷத்தில் உள்ளங்காலில் அரிப்பு. பிறகு உதடு தடித்தது. நாக்கு வாய்க்குள் ஈரத் துணி மாதிரி கனத்தது. எழுந்து சொல்லப் போனவள் நாற்காலியோடு விழுந்தாள்.

கண் விழித்தபோது ஒரு குட்டைக் கட்டிலில் கிடந்தாள். முட்டிக்குக் கீழே கட்டில் இல்லை. பாதங்களுக்கு அடியில் யாரோ ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டிருந்தார்கள். இளவயது டாக்டர் ஒருவர் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். முகமூடிக்கு மேலே அவர் கண்கள் பயந்துபோயிருந்தன.

"214-க்குத் துணைக்கு யார் வந்தது?" என்று நர்ஸ் வாசலில் நின்று கேட்டாள்.

"நான்தான்" என்று ஓடிவந்தாள் சிட்டு, கழுத்தில் 215-ஓடு. தனக்குத் தானே துணை.

டாக்டர் ஒரு தாளில் எழுதி, சிட்டுவிடம் கொடுத்தார். 214-க்குக் கடும் ஒவ்வாமை. இனி இந்த ஊசி போடக்கூடாது. விதியிலிருந்து விலக்கு உண்டு. "இதைப் பத்திரமா வெச்சுக்கச் சொல்லுங்க. இன்னொரு தடவை போட்டா எழுந்திருக்க மாட்டாங்க" என்றார். நெட்டையக்காவுக்கும் அது கேட்டது.

இரண்டு நாள் படுத்துக்கிடந்தாள். மூன்றாம் நாள் வேலைக்கு வந்தபோது முகாமைக் கலைத்துக்கொண்டு போயிருந்தார்கள். பட்டியலில் 214-க்கு நேரே ஊசியும் போட்டாகிவிட்டது, விலக்கும் கிடைத்துவிட்டது. 215-க்கு நேரே 'வரவில்லை' என்று இருந்தது.

"ஜென்மத்துக்கும் எனக்கு ஊசி கிடையாதுன்னு எழுதியே குடுத்துட்டாங்கக்கா" என்று உருளை மெஷினின் அந்தப் பக்கத்திலிருந்து சிட்டு கூவினாள். அன்று முழுக்கச் சிரித்தார்கள். ஒரு விரிப்பு கோணிக்கொண்டு போயே போய்விட்டது.

இரண்டரை மாதம் கழித்து நோய் மறுபடி வந்தது. இந்தத் தடவை அழுக்குப் பக்கத்தில், தொற்று வார்டுகளிலிருந்து வருகிற சிவப்பு மூட்டைகள் கூரை வரை ஏறின. ஒரு திங்கட்கிழமை சிட்டு இருமினாள். புதன்கிழமை அவளை அதே ஆஸ்பத்திரியில், நான்காம் மாடியில் சேர்த்தார்கள். சலவைக் கூடத்து முற்றத்தில் நின்றால் அந்த ஜன்னல் தெரியும். ஜன்னல்தான் தெரியும்.

சனிக்கிழமை சாப்பாட்டு நேரத்தில் போன் வந்தது.

"அக்கா... விரிப்பு மொடமொடன்னு இருக்கு. நம்ம மெஷின்ல வந்ததுதான்."

"பேசாதடி. மூச்சு வாங்குது உனக்கு."

"டாக்டர் கேட்டாரு, ஊசி போட்டியான்னு. போட்டேன்னு சொல்லிட்டேன். வேற என்ன சொல்ல?" அவள் சிரிக்கப் பார்த்தாள். அது இருமலாக முடிந்தது. "கை உன்னுது. எனக்கு வேலை செய்யுதான்னு பார்ப்போம்."

வேலை செய்யவில்லை. செவ்வாய்க்கிழமை காலை, வெந்நீர்க் குழாயைத் திறக்கிற நேரத்தில் செய்தி வந்தது. உடலைப் பார்க்க யாரையும் விடவில்லை. மத்தியானம் நான்காம் மாடியிலிருந்து வந்த மூட்டைகளைப் பிரிக்கப் போனவர்களை நெட்டையக்கா தடுத்தாள். கையுறை மாட்டிக்கொண்டு தானே பிரித்தாள். எல்லா விரிப்பும் ஒரே மாதிரித்தான் இருந்தன. எது என்று கண்டுபிடிக்க முடியவில்லை.

சிட்டுவுக்கு ஒரு மகள். இருபத்திரண்டு வயது. அப்பா எங்கே போனார் என்று தெரியாத பெண். சின்னதிலிருந்து நெட்டையக்காவைப் பெரியம்மா என்றுதான் கூப்பிடுவாள். அவளுக்குச் சலவைக் கூடத்தில் வேலை கொடுத்தார்கள். அம்மாவின் 214-ஐயே அவள் கழுத்தில் மாட்டினார்கள்.

அந்த வேலையை வாங்கித் தந்தவர் தொழிலாளர் சங்கச் செயலாளர். நோயில் இறந்த தொழிலாளியின் வீட்டில் ஒருவருக்கு வேலை என்று நிர்வாகத்தோடு சண்டைபோட்டு எழுதி வாங்கியிருந்தார். நிர்வாகம் அதில் ஒரு வரி சேர்த்துக்கொண்டது: இறந்தவர் தடுப்பூசி விதிக்கு உட்பட்டு நடந்திருக்க வேண்டும், பதிவு பொய் என்று எப்போது தெரிந்தாலும் வேலை போய்விடும். அறிவிப்புப் பலகையில் கண்ணாடிக்குள் அது தொங்கியது. நெட்டையக்கா அந்த வரியை நின்று படித்தாள். மறுநாளும் படித்தாள்.

அடுத்த மாதம் அதே பலகையில் இன்னொரு தாள் வந்தது. ஒன்றாம் தேதி முதல் ஊசிச் சான்றிதழோ, மருத்துவ விலக்கோ இல்லாதவர்கள் வளாகத்துக்குள் வரக்கூடாது. கீழே பாக்கி ஆட்களின் பட்டியல். முதலில் ஒன்பது பேர் இருந்தார்கள். நாலாக ஆனார்கள். கடைசியில் 215 மட்டும் மிஞ்சியது.

போட்டுக்கொண்டு விடலாம் என்று அவளும் போனாள். யாரிடமும் சொல்லாமல், ஒரு மத்தியானம். ஊசி அறையில் உட்கார்ந்து கோட்டுக் கையை மடித்துவிட்டாள். நர்ஸ் எல்லோரிடமும் கேட்பதைத்தான் கேட்டாள்: "முன்னாடி போட்டு ஏதாவது ஆகியிருக்கா?"

ஆமாம் என்றால், எங்கே சீட்டு என்பார்கள். இல்லை என்றால் போட்டுவிடுவார்கள். நெட்டையக்காவின் உள்ளங்காலில் அரித்தது. ஊசி இன்னும் பெட்டியில்தான் இருந்தது. "பாத்ரூம் போய்ட்டு வரேன்" என்று எழுந்தவள் நேரே வீட்டுக்கு வந்துவிட்டாள்.

வேறொரு டாக்டரிடம் போய் ஒவ்வாமை என்று சொல்லிப் பார்த்தாள். அவர் நல்ல மனிதர். "எப்ப ஆச்சு, எங்க ஆச்சு? அங்க எழுதிக் குடுத்திருப்பாங்களே, அதைக் கொண்டாங்க" என்றார். அந்தத் தாள் சிட்டுவின் பெயரில் இருந்தது. சிட்டு இல்லை.

சங்கச் செயலாளர் அவளைத் தேடி வந்தார். கண்ணில் ஒரு பளபளப்பு.

"அக்கா, உங்களை மாதிரி ஒரு ஆளுக்குத்தான் காத்துக்கிட்டிருந்தேன். உடம்பு நம்ம உடம்பு. அதுல என்ன ஏத்தணும்னு முதலாளி சொல்றதா? விசாரணை இல்லாம உங்களை வெளியே அனுப்ப முடியாது. காரணம் சொல்ல உங்களுக்கு உரிமை இருக்கு. கூட ஒரு ஆளை வெச்சுக்க உரிமை இருக்கு. விடக்கூடாது. பேப்பர்ல போட்டோவோட வரணும்."

"எனக்கு ஊசி மேல ஒரு கோபமும் இல்லைங்க."

"கோபம் இல்லைன்னா எப்படிக்கா? கொஞ்சமாவது இருக்கணுமே."

"நல்ல மருந்துதான். எல்லாரும் போட்டுக்கணும்."

அவர் நோட்டுப் புத்தகத்தை மூடினார். "அப்புறம் ஏன்க்கா போட்டுக்கல?"

நெட்டையக்கா கையிலிருந்த தலையணை உறையை நாலாக மடித்தாள். பிறகு எட்டாக மடித்தாள். அதற்கு மேல் மடிக்க முடியவில்லை.

உடை மாற்றுகிற அறையில்தான் அது நடந்தது. பட்டியலில் ஒரே நம்பர் மிஞ்சிய அன்று. ஆறேழு பெண்கள் கோட்டுகளைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். சிட்டுவின் மகள் தன் அலமாரிக் கதவை அறைந்து சாத்திவிட்டுத் திரும்பினாள். அம்மாவின் அதே உயரம். அதே துருதுருப்பு, ஆனால் இப்போது அது கோபத்தில் இருந்தது.

"எங்கம்மா ஊசின்னா எவ்வளவு பயப்படுவாங்கன்னு உங்களுக்குத் தெரியும்ல?"

"தெரியும்மா."

"அவங்களே போய்ப் போட்டுக்கிட்டாங்க. உடம்புக்கு ஒத்துக்காம விழுந்து எழுந்தாங்க. ஒரே ஊசிதான், அதுக்கு மேல போட முடியாதுன்னு சொல்லிட்டாங்க. சுத்தி இருக்கிறவங்க ஒழுங்கா போட்டிருந்தா அவங்களுக்கு ஒண்ணும் ஆகியிருக்காது. தினமும் எங்கம்மா எதிர்ல நின்னது யாரு? நீங்கதானே? உங்களுக்கு என்ன கேடு? எருமை மாதிரி உடம்பு. ஒரு ஊசி போட்டுக்க முடியலையா உங்களுக்கு?"

கூட நின்ற ஒருத்தி, "ஏய், பெரியவங்களை அப்படிப் பேசாதடி" என்றாள். அதில் வலு இல்லை. எல்லோருக்கும் அதுதான் மனதில் இருந்தது.

நெட்டையக்காவின் வாயில் ஏதோ வந்தது. அந்தப் பெண்ணின் கழுத்தில் 214 தொங்கிக்கொண்டிருந்தது. மூச்சு வாங்கலில் அது மேலும் கீழும் ஆடியது.

"நீ சொல்றது சரிதான்" என்றாள்.

அன்றிலிருந்து அந்தப் பெண் பெரியம்மா என்று கூப்பிடவில்லை. எப்படியும் கூப்பிடவில்லை. ஏதாவது வேண்டுமென்றால் பக்கத்தில் இருப்பவளிடம் சொல்லி அனுப்பினாள்.

புருஷனுக்கு எல்லாம் தெரியும். விழுந்து எழுந்த அன்றே சொல்லியிருந்தாள். விசாரணைக்குத் தேதி வந்ததும் அவர் ரேடியோவை நிறுத்திவிட்டு உட்கார்ந்தார்.

"போய் உள்ளதைச் சொல்லிடு."

"சொன்னா அந்தப் பொண்ணுக்கு வேலை போயிடும்."

"சின்னப் பொண்ணு. வேற வேலை தேடிக்கும். நமக்கு வேற என்ன இருக்கு? செத்தவளுக்குத் தெரியவா போகுது? நீ என்ன பெரிய தியாகின்னு நெனைப்பா?"

"தியாகமும் இல்ல, ஒண்ணும் இல்ல." அவள் பாத்திரத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். துடைத்ததையே துடைத்தாள். "நான் மாட்டேன்னு சொல்லியிருந்தா அவ அழுதுக்கிட்டாவது போட்டிருப்பா. நாலாம் நாள் போயிருப்பா. கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போயிருக்கலாம் நான். கண்ணை மூடிக்கடின்னு சொல்லியிருந்தா முடிஞ்சது. நான்தான் எருமை, தாங்கும்னு சொல்லிட்டுப் போனேன்."

"நீ கொன்னுட்டியா அவளை?"

அவள் அடுத்த பாத்திரத்தை எடுத்தாள். அவருக்குக் கண் தெரியாது என்பது அந்த நேரத்தில் அவளுக்கு வசதியாக இருந்தது. ஆனால் அவர் தலையை அவள் பக்கம் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு ரேடியோவைப் போட்டார். எந்த நிலையத்திலும் நிற்காமல் திருகிக்கொண்டே இருந்தார்.

விசாரணை இரண்டாம் மாடியில், நீள மேஜை போட்ட அறையில் நடந்தது. நிர்வாக அதிகாரி ஒருவர், தட்டச்சு செய்ய ஒரு பெண், மருத்துவ உறுப்பினர் என்று ஒரு டாக்டர். நெட்டையக்காவுக்குத் துணையாகச் சங்கச் செயலாளர். அவள் குனிந்து உள்ளே வந்து நிமிர்ந்தபோது டாக்டர் தாளிலிருந்து தலையைத் தூக்கினார். பிறகு தாளைப் பார்க்கவில்லை.

முகாமில் பார்த்த அதே டாக்டர். இப்போது முகமூடி இல்லை. ஆனால் அந்தக் கண்களை அவளுக்கு அடையாளம் தெரிந்தது.

அதிகாரி கேட்டார். ஊசி போடாததற்கு மருத்துவ காரணம் உண்டா? இல்லை. வேறு காரணம்? இல்லை. போட்டுக்கொள்ளச் சம்மதமா? இல்லை. தட்டச்சுப் பெண் மூன்று 'இல்லை'களை அடித்தாள். செயலாளர் எழுந்து, பத்தொன்பது வருஷம் ஒரு புகார் இல்லாத தொழிலாளி, வேறு இடத்துக்காவது மாற்றலாம் என்று பேசினார். வளாகம் முழுக்க ஒரே விதிதான் என்றார் அதிகாரி. டாக்டர் மட்டும் மெதுவாகக் கேட்டார்:

"உங்களை நான் எங்கேயோ பார்த்திருக்கேனாம்மா?"

"இல்லைங்க சார்."

பத்து நிமிஷம் இடைவேளை விட்டார்கள். தாழ்வாரத்தில் ஜன்னலோரம் அவள் நின்றாள். அங்கிருந்து நான்காம் மாடி தெரியாது. அண்ணாந்து பார்த்தால் அந்த மாடியின் அடிப்பக்கம் தெரியும். டாக்டர் இரண்டு டம்ளர் டீயோடு வந்து ஒன்றை அவளிடம் நீட்டினார்.

"முகாம்ல ஒருத்தங்க விழுந்தாங்க. எனக்கு அதுதான் முதல் கேஸ்." டீயைக் குடிக்காமலே பேசினார். "கட்டில் பத்தல அவங்களுக்கு. காலுக்கு ஒரு ஸ்டூல் போட்டேன். நேத்து இந்த விசாரணைக்காகப் பதிவெல்லாம் எடுத்துப் பார்த்தேன். 214. அவங்க வேலைக்குச் சேர்ந்தப்ப எழுதின உயரமும் அதுல இருக்கு. நாலே முக்கால் அடி."

நெட்டையக்கா டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"நானா எழுத முடியாதும்மா. நீங்க சொல்லணும். சொன்னீங்கன்னா இப்பவே விலக்கு எழுதித் தரேன். அஞ்சு நிமிஷ வேலை. நாளைக்கே நீங்க உள்ளே வரலாம்."

"அப்ப அந்த 214?"

"அதைத் திருத்தணும்."

"திருத்தினா?"

"அவங்க ஊசி போடலைன்னு ஆகும்."

முற்றத்தில் வெள்ளைத் துணி வண்டி ஒன்று போய்க்கொண்டிருந்தது. முன்னால் ஒரு பெண் இழுத்தாள். பின்னால் சிட்டுவின் மகள் தள்ளினாள். வண்டிக்குப் பின்னால் அவள் தலை தெரியவில்லை. பிடியில் இரண்டு கைகள் மட்டும் தெரிந்தன.

"அப்ப அது நான் இல்லைங்க சார்" என்றாள் நெட்டையக்கா. "நெட்டையா ஊர்ல எத்தனையோ பேரு."

டாக்டர் வேறெதுவும் கேட்கவில்லை. "இன்னொரு தடவை அந்த ஊசி போட்டுக்காதீங்க. எங்க போனாலும்" என்று மட்டும் சொன்னார். டம்ளரை அவரே வாங்கிக்கொண்டு போனார்.

எட்டு நாளில் கடிதம் வந்தது. தகுந்த காரணமின்றி மறுத்ததால் பணிநீக்கம். வேண்டுமானால் முப்பது நாளைக்குள் மேல்முறையீடு செய்யலாம் என்றும் இருந்தது. செயலாளர் மேல்முறையீட்டை எழுதியே எடுத்து வந்தார். கையெழுத்துப் போட்டால் போதும் என்றார். அவள் போடவில்லை. "போராட வேண்டிய இடத்துல ஊமையா இருக்கிறவங்களுக்கு யாரு என்ன செய்ய முடியும்?" என்று அவர் வாசலில் நின்று புருஷனிடம் குறைப்பட்டார். "நான் முப்பது வருஷமா அதைத்தான் கேட்கறேன்" என்றார் புருஷன்.

கடைசி நாள், வளாகத்துக்குள் போக அவளுக்கு அனுமதி இல்லை. வாசல் காவலறையின் ஜன்னல் வழியாகத்தான் சாமான்களை ஒப்படைக்க வேண்டும். இரண்டு கோட்டு, இரண்டு தொப்பி, ஒரு ஜோடி கையுறை, அலமாரிச் சாவி, வில்லை. கோட்டுகளை வீட்டில் துவைத்து, விளிம்போடு விளிம்பு சேர மடித்து எடுத்து வந்திருந்தாள். சாமான் அறைக்காரர் அவற்றைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை.

"உங்க மடிப்பைப் பிரிக்க மனசு வரலைக்கா" என்றார். பதிவேட்டைத் திருப்பி அவள் பக்கம் தள்ளினார். "நம்பரைப் போட்டு, 'நிரந்தரமாக விலகல்'னு எழுதி, கையெழுத்துப் போடுங்க. சாயந்திரத்துக்குள்ள அதைப் பார்த்துப் பேரை எடுத்துடுவாங்க."

அப்போது மத்தியான ஷிப்டுக்காரர்கள் வந்துகொண்டிருந்தார்கள். சிட்டுவின் மகளும் வந்தாள். கோட்டுக் கையை முழங்கை வரை சுருட்டியிருந்தாள். மணிக்கட்டுக்கு மேலே பச்சையாக ஒரு சூட்டுக் காயம். உருளை மெஷின் எல்லோருக்கும் முதல் மாதத்தில் போடுகிற கோடு.

"கோட்டுக் கையை இறக்கி விட்டுக்கம்மா. அந்த மெஷினுக்குச் சுருட்டக்கூடாது" என்றாள் நெட்டையக்கா. சொல்லக்கூடாது என்று நினைப்பதற்குள் வாய் சொல்லிவிட்டது.

அந்தப் பெண் நின்றாள். ஏதோ சொல்லப் போகிற மாதிரி இருந்தது. பிறகு, "எனக்குத் தெரியும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். போகிற போக்கில் கோட்டுக் கையை இறக்கி விட்டுக்கொண்டாள்.

நெட்டையக்கா அவள் மூலை திரும்பி மறைகிற வரைக்கும் பார்த்துவிட்டு, பேனாவை எடுத்து எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

சாமான் அறைக்காரர் பதிவேட்டைத் திருப்பிப் பார்த்தார். "என்னக்கா இது? 214-னு போட்டிருக்கீங்க. கையெழுத்தும் சிட்டுக்காவுது மாதிரி இருக்கு. இது இப்படியே மேல போனா அந்தப் பொண்ணு பேரைல்ல எடுத்துடுவாங்க?"

அவள் குனிந்து பார்த்தாள். பதினான்கு வருஷமாகப் போட்டுப் பழகிய கையெழுத்து, வளைவு பிசகாமல் இருந்தது.

"கை பழக்கம்" என்றாள். "கொஞ்சம் இருங்க."

ஒரு கோடு போட்டு அடித்தாள். நம்பர் தெரிந்தது. இன்னொரு கோடு போட்டாள். அப்போதும் தெரிகிற மாதிரி இருந்தது. பேனாவை அழுத்தி, மேலும் கீழுமாக, தாள் கிழிகிற அளவுக்கு அடித்தாள்.

"போதும்க்கா. தெரியல."

"நல்லாப் பாருங்க. தெரியலையே?"

"சத்தியமா தெரியலக்கா."

பக்கத்தில் 215 என்று எழுதினாள். தன் பெயரைப் போட்டாள். அது அவளுக்கே புதிதாக இருந்தது. பிறகு கழுத்திலிருந்து வில்லையைக் கழற்றி ஜன்னலுக்குள் வைத்துவிட்டு, வெளிவாசலைப் பார்த்து நடந்தாள். அந்த வாசல் லாரி போகிற உயரம். தலையைக் குனிந்துகொண்டு வெளியே போனாள்.